தரிப்பு, மரவிப்பு, புகைச்சல்

2019 மார்ச் மாதச் சிவராத்திரிக்கு ஓடியது என்னுடைய பத்தொன்பதாவது சிவாலய ஓட்டம். கடைசி ஓட்டமும் அதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில், முஞ்சிறை அருகேயுள்ள திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் அந்தப் பன்னிரண்டு கோயில் வழி ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளம் உடையது. காவி உடுத்து, கையில் ஓலை விசிறியுடன், 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல் ஓட வேண்டும். இரண்டாம் நாள் உச்சிவெயிலில் பன்னிப்பாகத்திலிருந்து கல்குளத்துக்குப் போகும்போது, மற்றவர்கள் எல்லாம் தார்ச்சாலையை விட்டு ஓரத்துப் புல்லில் குதித்துக் குதித்துப் போக, நான் மட்டும் நடுச்சாலையில் சீராக ஓடிக்கொண்டிருந்தேன். கூட வந்த என் அக்கா மகன், "மாமா, ரோடு சுடலியா?" என்று கேட்டான். சுடவில்லை. பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் என்று அவனிடம் சொன்னேன்; உள்ளுக்குள் அதை மகாதேவரின் அருள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் என் மனைவி என் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்ச் சட்டியில் வெந்நீரும் பஞ்சும் எடுத்து வந்தாள். இடது பெருவிரலின் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு இரண்டு கொப்புளங்கள் இருந்தன. வலது குதிகாலில் ஒரு குப்பிச்சில்லு, அரை நகம் அளவு, தசைக்குள் ஏறி நின்றது. அதை அவள் ஊசியால் நெம்பி எடுத்தபோதும் எனக்கு வலிக்கவில்லை. யாரோ தொடுவதுபோல மட்டும் இருந்தது. எனக்கு அப்போது 55 வயது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னோக்கிப் பார்த்தால், கால் நரம்புகள் கெட்டுவரும் இந்த நோய்க்கு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அடையாளங்கள் இருந்தன. திருவட்டாறு பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவாக ரப்பர் உண்டு. பால்வெட்டுக்காரர் வராத நாள்களில் நானே விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவேன். அப்படி ஒருநாள் திரும்பி வந்து முற்றத்தில் ஏறும்போது, "ஒத்தச் செருப்பு எங்க போச்சு?" என்று மனைவி கேட்ட பிறகுதான் வலது காலில் செருப்பு இல்லை என்பதைப் பார்த்தேன். அது நான்கு மரம் தள்ளிச் சேற்றில் கிடந்தது. காலில் அட்டை ஏறுவதும் எனக்குத் தெரியாமல் போயிற்று. இரத்தம் வழிந்து வேட்டியில் பட்டால்தான் தெரியும். காலுக்கும் தரைக்கும் நடுவே யாரோ துணியை மடித்து வைத்ததுபோன்ற அந்த உணர்வை வயதின் கோளாறு என்று தள்ளிவிட்டேன்.

முதலில் பார்த்த மருத்துவர் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்தார். அது 96 இருந்தது. சர்க்கரை இல்லை, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, பி வைட்டமின்கள் கலந்த மாத்திரையை எழுதித் தந்தார். 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல் பேருந்து நிலையச் சுவர்களில் எந்த நோக்கத்துக்காக ஒட்டப்பட்டிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். சீட்டை நீட்டி அதே சொல்லைச் சொன்னபோது மருந்துக் கடைப் பையன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அந்தக் கூச்சத்தாலேயே யாரிடமும் பேசாமல் பத்து மாதம் மாத்திரையை விழுங்கினேன். அந்தப் பத்து மாதத்தில் மதமதப்பு விரல்களிலிருந்து கணுக்காலுக்கு ஏறியது. இரவில் எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது மருத்துவர் முதுகை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே தட்டு சற்றுப் பிதுங்கியிருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஐந்து மாதம் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வகுப்பெடுத்தேன். ஐம்பது வயதைக் கடந்தவர்களை வரிசையில் நிறுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தால், முதுகில் எந்தத் தொல்லையும் இல்லாத பலருக்கும் இப்படிப் பிதுக்கம் இருக்கும் என்பது பின்னால்தான் தெரிய வந்தது. படத்தில் ஒன்று தெரிகிறது என்பதாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாது.

என்னைச் சரியான திசைக்குத் திருப்பியவர் ஒரு வர்ம ஆசான். எங்கள் மாவட்டத்தில் எலும்பு முறிந்தாலும் நரம்பு பிசகினாலும் ஆசானிடம் போவது பழைய வழக்கம். எழுபது வயதைக் கடந்த அவர் எண்ணெய் தொட்டு இரண்டு கால்களையும் முழங்காலிலிருந்து விரல்வரை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாரே, இது வர்மத்துல பட்டதில்ல. அடி பட்டிருந்தா ஒரு பக்கம்தான் வரும். ரெண்டு காலும் ஒரே அளவுல போகுதுன்னா உள்ளுக்குள்ள பாக்கணும். தடவுனா ஒங்களுக்குச் சொகமா இருக்கும், எனக்கு ரூவா கெடைக்கும், அவ்வளவுதான்." பிறகு திருவனந்தபுரத்தில் நரம்பியல் மருத்துவர் எனக்குச் சொன்ன முதல் பாடமும் இதுவே. முதுகுத் தட்டு நரம்பை நசுக்கினால் பெரும்பாலும் ஒரு காலில், ஒரு பட்டையாக வலி இறங்கும். இரண்டு பாதங்களிலும் காலுறை போட்ட இடம் அளவுக்கு ஒன்றுபோல மரத்து, மெல்ல மேலே ஏறுகிறது என்றால், கெட்டிருப்பது உடலின் நீளமான நரம்புகள்.

அது ஏன் பாதத்தில் தொடங்குகிறது என்று நான் அவரிடம் கேட்டேன். பாதத்துக்குப் போகும் நரம்பிழை ஒவ்வொன்றும் முதுகுத் தண்டின் பக்கத்தில் இருக்கும் ஓர் உயிரணுவிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் போகிறது; அதற்கு வேண்டிய புரதம், சத்து எல்லாம் அந்த ஒரே உயிரணுவிலிருந்துதான் கடத்தப்பட வேண்டும். எங்கள் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பேச்சிப்பாறை அணையில் மடை திறந்தும் தண்ணீர் போதாத ஆண்டில் முதலில் காய்வது கடைவரம்பு வயல்தான். கால் மரப்பு முழங்காலை நெருங்கும் காலத்தில்தான் விரல் நுனிகளுக்கு நோய் வரும் என்பதும் அதே கணக்கு, ஏனென்றால் கை நரம்பின் நீளம் அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்துக்குப் போவதற்கு முன் நாகர்கோவிலில் நரம்புக் கடத்தல் சோதனை எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றிப் பயமுறுத்துபவர்கள் அதிகம் என்பதால் உள்ளதைச் சொல்கிறேன். காலில் பொத்தான் அளவு மின்முனைகளை ஒட்டி, சற்றுத் தள்ளி ஒரு கருவியால் சின்னச் சின்ன மின்னதிர்வு கொடுக்கிறார்கள். கால் தானாகத் துள்ளும். சுருக்கென்று இருக்கும், தாங்கலாம். குளிரூட்டிய அறையில் என் கால் சில்லிட்டுப் போயிருந்ததால் சோதனையாளர் முதலில் பாதத்தைப் போர்த்திச் சூடாக்கினார். குளிர்ந்த காலில் நரம்பு மெதுவாகத்தான் கடத்தும், அதை நோய் என்று தவறாக எழுத நேரலாம் என்றார். கெண்டைக்காலின் பின்புறம் இறங்கும் உணர்வு நரம்புக்குத் திரையில் மேடு எழவேண்டிய இடத்தில் இரு கால்களிலும் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகவே கிடந்தது. அறிக்கையில் உணர்வு நரம்பிழைகளின் சிதைவு, இருபுறமும் ஒரே அளவு, என்று எழுதியிருந்தது. இந்தச் சோதனை தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. எரிச்சலையும் சூட்டையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் முடிவு சரியாகவே வரும். அப்படிப்பட்டவரை ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவது அநியாயம். அதற்குக் கணுக்காலுக்கு மேலே 3 மில்லிமீட்டர் தோலை எடுத்து இழைகளை எண்ணும் சோதனை தனியாக இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் பார்த்த மருத்துவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். மலையாளத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, தரிப்பா, மரவிப்பா, புகைச்சலா என்பது. 'மதமதப்பு' என்று ஒரே சொல்லில் நான் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அவர் மூன்றாகப் பிரித்தார். தரிப்பு என்பது எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுப்பது. மரவிப்பு என்பது தொட்டது தெரியாமல் போவது. புகைச்சல் என்பது மிளகாய் அரைத்த கைபோலக் காந்துவது. மூன்றும் எனக்கு இருந்தன. ஆனால் எந்த வரிசையில் வந்தன, எந்த நேரத்தில் எது கூடுகிறது என்பதை அவர் கேட்ட பிறகுதான் நான் யோசித்தேன். மருத்துவரிடம் போகுமுன் ஒரு தாளில் காலின் படத்தை வரைந்து, மூன்றுக்கும் மூன்று நிற மையில் கோடு போட்டு, ஆண்டையும் குறித்துக்கொண்டு போகும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது. அவருடைய பத்து நிமிடம் இதனால் மிச்சமாகிறது.

பிறகு முழங்கைக்குப் பின்னாலும் முழங்காலின் வெளிப்பக்கமும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். தோலில் நிறம் மங்கிய, உணர்வற்ற தேமல் உண்டா என்று முதுகுவரை தேடினார். தொழுநோய்க்காகத்தான் என்று அவர் சொன்னதும் என் மனைவியின் முகம் கறுத்தது. ஆனால் நம் நாட்டில் இதைப் பார்க்காமல் விடுவதுதான் தவறு. தொழுநோய் மருந்தால் குணமாகும் காரணம், மருந்தும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எனக்கு நரம்பு தடிக்கவில்லை, தேமலும் இல்லை, குதிகாலுக்கு மேலுள்ள நாணைச் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளவும் இல்லை. தொழுநோயில் அந்தத் துள்ளல் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். 128 அதிர்வெண் கொண்ட இசைக்கவையைத் தட்டி என் பெருவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வு நின்றதும் சொல்லுங்கள் என்றார். தொடங்கவே இல்லையே என்றேன். அதே கவையை அவர் என் முழங்காலுக்கு நகர்த்தியபோது அதிர்வு திடீரென்று கேட்டது. 'கேட்டது' என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அடுத்து வந்த கேள்விகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தைத் தட்டிப் பார்ப்பவை. அப்பாவுக்கோ அத்தைக்கோ உள்ளங்கால் வளைந்து உயர்ந்தும் விரல்கள் சுருண்டும் இருந்தனவா என்றார். பரம்பரையாக வரும் நரம்பு நோயை இப்படிக் கண்டுபிடிப்பார்கள். காசநோய் மருந்து சாப்பிட்டதுண்டா, புற்றுநோய் மருந்து ஏற்றியதுண்டா, குடிப்பழக்கம் உண்டா, வாழைக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது முகத்தில் துணி கட்டினீர்களா, யாரிடமாவது பஸ்பமோ செந்தூரமோ வாங்கிச் சாப்பிட்டீர்களா என்றும் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் தயங்கினேன். எரிச்சல் தாங்காமல், பெயர் ஒட்டாத பொட்டலத்தில் ஒருவர் தந்த பொடியை மூன்று மாதம் தேனில் குழைத்துச் சாப்பிட்டிருந்தேன். அவர் திட்டவில்லை. முறையாகச் செய்யப்படாத உலோக மருந்தில் ஈயமோ ஆர்செனிக்கோ மிஞ்சியிருந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்று சொல்லி, இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க எழுதினார். அது வரம்புக்குள் இருந்தது. வீட்டில் மறைத்ததையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது என்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.

நானும் என் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டேன். சிறுவயதிலிருந்து வாரத்தில் நான்கு நாள் மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அதில் சயனைடு உண்டே, அதுதான் காரணமா என்றேன். அவர் முகம் மலர்ந்து, நல்ல கேள்வி என்றார். நைஜீரியாவில் நச்சு மிகுந்த கசப்பு மரச்சீனியைச் சரியாகப் பக்குவம் செய்யாமல், அதையே முதன்மை உணவாக ஆண்டுக்கணக்கில் உண்டவர்களுக்குக் கால் மரத்து நடை தள்ளாடும் நோய் வந்திருக்கிறதாம். ஆனால் கிழங்கைத் துண்டு போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறீர்களா, கூட மீன் உண்டா என்று கேட்டார். இரண்டும் எங்கள் அம்மா காலத்திலிருந்து உண்டு. உடல் சயனைடை முறிப்பதற்குக் கந்தகம் வேண்டும். அந்தக் கந்தகம் மீன் போன்ற புரத உணவிலிருந்துதான் வருகிறது. மரச்சீனிக்கு மத்திக் குழம்பு என்ற சேர்க்கையின் பின்னால் இவ்வளவு இரசாயனம் இருப்பது ஐம்பத்தாறு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் கதிர்வீச்சுதான் காரணம் என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொன்னதையும் கேட்டேன். நரம்புச் சிதைவின் காரணப் பட்டியலில் அது இல்லை என்று ஒரு வரியில் முடித்தார்.

இரத்தச் சோதனைகள் நீண்டன. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் போதாது என்று 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். 131 வந்தது, 140 வரை சரியானது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.6, அதுவும் சரியானது. தைராய்டு, சிறுநீரகம், எச்.ஐ.வி., மேகநோய், மூட்டுவாத வகை எதிர்ப்பொருள்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கும் சோதனையையும் அவர் விடாமல் எழுதினார். எலும்பு மச்சையில் ஒரே வகை உயிரணு பெருகிச் சுரக்கும் புரதம் நரம்பை அரிக்கும், ஐம்பதுக்கு மேற்பட்டவருக்கு இதைப் பார்க்காமல் 'காரணமில்லை' என்று எழுதக் கூடாது என்றார். அதுவும் சரியாக இருந்தது. நரம்பையே ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்க்கலாமா என்றதற்கு மறுத்துவிட்டார். இரத்தக் குழாய் அழற்சியையோ படிவுப் புரதத்தையோ சந்தேகித்தால்தான் அது பயன்படும். இல்லையென்றால் வெட்டிய இடம் மரத்துப் போவதுதான் மிச்சம்.

பி12 ஒன்றுதான் சிக்கியது. நான் வயிற்று எரிச்சலுக்காக எட்டு ஆண்டுகளாகத் தினமும் காலையில் அமிலம் குறைக்கும் மாத்திரை போடுகிறவன். அது நீண்ட காலத்தில் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும். மீன் சாப்பிட்டாலும் குறையலாம். ஆனால் என் இரத்தத்தில் பி12 அளவுக்கு மீறி இருந்தது, ஏனென்றால் நான் பத்து மாதமாக அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன். மாத்திரை தொடங்குமுன் ஒரு குழாய் இரத்தம் எடுத்திருந்தால் ஆம், இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சாட்சியம் அழிந்துவிட்டது. குறைபாடுதான் காரணமென்றால் இத்தனை மாத்திரைக்குப் பிறகு நோய் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை, எனவே அதுவாக இருக்காது என்றே நினைக்கிறேன் என்றார். 'நினைக்கிறேன்' என்ற சொல்லோடு நான் வாழ வேண்டியிருக்கிறது. இன்று கால் மரக்கிறது என்று யார் என்னிடம் வந்தாலும், சத்து மாத்திரையை வாயில் போடுமுன் இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்பதையே முதலில் சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு: மருத்துவர் எழுதியது, நானாக வாங்கியது, மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என மூன்று வகை மாத்திரையிலும் பி6 இருந்தது. அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிட்டால் பி6 தானே நரம்பைக் கெடுக்கும். அட்டைகளைப் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு மூன்றையும் நிறுத்தச் சொன்னார்.

கடைசியில் என் அட்டையில் 'இடியோபதிக்', அதாவது காரணம் தெரியாதது, என்று எழுதினார். எல்லாச் சோதனையும் செய்து முடித்த பிறகும் நான்கில் ஒருவருக்கு, சிலர் கணக்கில் மூன்றில் ஒருவருக்கு, காரணம் அகப்படுவதில்லையாம். முதல் மருத்துவரும் காரணம் தெரியாமல்தான் அனுப்பினார். இவரும் தெரியவில்லை என்றுதான் அனுப்புகிறார். ஆனால் தேடாமல் சொல்லும் 'தெரியவில்லை' வேறு, தேடி முடித்துச் சொல்லும் 'தெரியவில்லை' வேறு. இரண்டாவதில் என்னென்ன இல்லை என்பது எழுத்தில் இருக்கிறது; இந்த வகை மெல்லத்தான் போகும், நடக்க முடியாத நிலைக்குப் போகிறவர் மிகச் சிலரே என்ற ஆறுதலும் அதனால்தான் சொல்ல முடிகிறது. எப்போது உடனே வர வேண்டும் என்பதையும் அவர் எழுதித் தந்தார்: சில நாள்களிலோ வாரங்களிலோ பலவீனம் வேகமாக ஏறினால், தொடையும் தோளும் தளர்ந்தால், ஒரு பக்கம் மட்டும் மணிக்கட்டோ பாதமோ தொங்கினால், காரணமின்றி எடை குறைந்தால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தவறினால். இவற்றுக்குப் பின்னால் இருக்கும் நோய்கள் சிலவற்றுக்கு மருத்துவம் உண்டு, அதுவும் நேரத்தோடு செய்தால்தான்.

ஓராண்டு நான் அந்த ஆறுதலை ஏற்கவில்லை. இன்னும் இரண்டு ஊர்களில் இரண்டு பேரைப் பார்த்தேன். அதே சோதனைகளுக்கே மீண்டும் பணம் கட்டினேன். காரணத்தைத் தேடிய அந்த ஓராண்டில் காலைக் கவனிக்கவில்லை. 2021 மழைக்காலத்தில் ஓர் இரவு புகைச்சல் தாங்காமல் துடித்தபோது, என் மாமியார் இரக்கப்பட்டுக் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். சுகமாகத்தான் இருந்தது. விடிந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் தோல் வெந்து சுருண்டிருந்தது. அந்தப் புண் ஆற நாலரை மாதம் ஆயிற்று. மாமியார் அழுததைத் தேற்றுவது புண்ணை ஆற்றுவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. குற்றம் அவருடையதல்ல, என் காலுக்குச் சூடு தெரியாது என்பதை நான் வீட்டில் யாரிடமும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த பழக்கங்கள் இவை. இரவு படுக்குமுன் கட்டிலோரம் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்ப்பேன்; மூக்குக்கண்ணாடி போடாமல் பார்ப்பது பார்க்காததற்குச் சமம் என்று மனைவி அடிக்கடி நினைவூட்டுவாள். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, பின்வார் வைத்தது. போடுமுன் கவிழ்த்துத் தட்டுவேன், உள்ளே கைவிட்டும் பார்ப்பேன். ஒருமுறை அதற்குள் பேரனின் கோலிக்குண்டு இருந்தது, அதோடு அரை நாள் நடந்திருக்கிறேன். காலுறை வெள்ளை நிறத்தில்தான், இரத்தம் பட்டால் தெரிய வேண்டும். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுவேன். வியர்வை நரம்பும் கெடுவதால் பாதம் காய்ந்து வெடிக்கும். தேங்காயெண்ணெய் தடவுவேன், விரலிடுக்கில் மட்டும் தடவ மாட்டேன்.

பைக்கை விட்டது எனக்குப் பெரிய இழப்பு. பின்சக்கர பிரேக் வலது பாதத்தின் அடியில் இருக்கிறது. அதை மிதித்திருக்கிறேனா இல்லையா என்பது குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது என்ற நிலையில் ஒருநாள் தக்கலைச் சந்தியில் ஓர் ஆட்டோவின் பின்னால் போய் முட்டினேன். இப்போது இரண்டு பிரேக்கும் கையில் இருக்கும் கியரில்லா ஸ்கூட்டர். இருட்டும் என் எதிரியாயிற்று. பாதம் தரையைச் சொல்லாதபோது கண்தான் உடலை நிறுத்துகிறது. கண்ணை மூடினால் ஆள் சாய்வான். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய நொடியில் குளியலறையில் விழுந்த பிறகு, அங்கே ஒரு பிளாஸ்டிக் முக்காலி வந்தது. உட்கார்ந்துதான் முகம் கழுவுகிறேன். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரிகிறது. இயன்முறை மருத்துவர் சொல்லித் தந்தபடி, தினமும் காலையில் அடுக்களை மேடையைத் தொட்டுக்கொண்டு குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் நிற்பது, எம்பி இறங்குவது என்று இருபது நிமிடம் செய்கிறேன். மனைவி தோசை சுடும் நேரமும் அதுதான் என்பதால் இடிபடாமல் இருவரும் பழகிக்கொண்டோம்.

மருந்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் பிரிகாபலின் தந்தார்கள். புகைச்சல் பாதியாகக் குறைந்தது, ஆனால் கால் வீங்கியது, மூன்றாம் பீரியடில் தூக்கம் வந்தது. பிறகு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், வாய் வறளும், மற்றபடி ஒத்துக்கொண்டது. இவை எரிச்சலின் ஒலியைக் குறைப்பவை. மரவிப்பை மாற்றுபவை அல்ல, போன உணர்வைக் கொண்டுவருபவையும் அல்ல. இது தெரியாமல், மரப்பு போகவில்லையே என்று நானாக ஒருநாள் பிரிகாபலினை அடியோடு நிறுத்திவிட்டு நான்கு இரவு தூக்கமின்றிப் படபடத்துக் கிடந்தேன். மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். போர்வை பட்டாலே காந்தும் இரவுகளில், கால்மாட்டில் ஒரு பழைய முக்காலியைப் படுக்க வைத்து அதன்மேல் போர்வையை விரிக்கிறோம். செலவில்லாத இந்த ஏற்பாடு பல இரவுகளில் மாத்திரையைவிட உதவியிருக்கிறது.

சிவராத்திரிக்கு இப்போது ஸ்கூட்டரில் நான்கைந்து கோயில்களுக்கு மட்டும் போகிறேன், அதுவும் கல்தளம் குளிர்ந்திருக்கும் விடியலிலோ இரவிலோ. மீதி நேரம் எங்கள் தெரு முக்கில் ஓடுபவர்களுக்குச் சுக்குநீர் ஊற்றுகிறேன். அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு பஞ்சுத் திரியும் பேனாவும் எடுத்து வருவாள். நான் கண்ணை மூடிக்கொள்ள, பெருவிரலிலிருந்து மேல்நோக்கித் திரியால் தொட்டுக்கொண்டே வருவாள். 'தெரியுது' என்று நான் சொல்லும் இடத்தில் கோடு போட்டு, கணுக்கால் எலும்பிலிருந்து அளவு நாடாவால் அளந்து நோட்டில் எழுதுவாள். 2022-இல் 9 சென்டிமீட்டர். 2023-இல் 12. 2024-இல் 14. போன சிவராத்திரிக்கு வலது காலில் 14, இடது காலில் 15. புரதச் சோதனையை மறுபடி எடுக்கும்போது நோட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.